நெல்லு ஸ்டேசனின் தராசுக் குழி

பிரேமிளா முதலில் கண்டது சுண்ணாம்புக் கோட்டைத்தான்.

கிளிநொச்சி நகரத்தின் ஒதுக்குப்புறத்தில் ஒரு சிறிய ரயில் கடவை இருக்கிறது. தடைக் கம்பத்தைக் கயிற்றால் ஏற்றி இறக்கும் கடவை. பத்து வருடமாக அதன் பகல் காவல் பிரேமிளாவினுடையது. போன ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, கொட்டிலுக்குள் பையை வைத்துவிட்டுத் தண்டவாளத்துக்கு அப்பால் பார்த்தாள். பற்றைக்குள் நிற்கும் பழைய நெல்லு ஸ்டேசனின் முற்றத்தில் நான்கு பேர் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். மத்தியானம் அவர்கள் போன பிறகு நடந்துபோய்ப் பார்த்தாள். கட்டடத்தைச் சுற்றி வெள்ளைக்கோடு போட்டிருந்தது. ஒரு கோடு, முற்றத்தின் நடுவில் கிடந்த துருப்பிடித்த இரும்புத் தகட்டுக்கு மேலாகவே போயிருந்தது. அந்தத் தகட்டின் மேல் அவள் வருடா வருடம் வெட்டிப் போட்டுவந்த முள்ளுக்கட்டுகளை யாரோ இழுத்து ஓரத்தில் எறிந்திருந்தார்கள்.

தகட்டை மிதிக்காமல் சுற்றிவந்து கடவைக்குத் திரும்பினாள். பின்னேர வண்டிக்குக் கம்பத்தை இறக்கும்போது கயிறு கையிலிருந்து நழுவியது.

அந்தத் தகட்டுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்பது உயிரோடிருக்கும் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி பிரேமிளா. மற்றவன் அவளுடைய தம்பி நிரஞ்சன்.

ஆட்களை விட நெல்தான் அங்கே அதிகம் ஏறியது என்பதால் அதற்கு நெல்லு ஸ்டேசன் என்று பெயர். குளத்து நீர் பாய்ந்து குடியேற்றத் திட்டங்கள் விளையத் தொடங்கிய காலத்தில், பெரிய ஸ்டேசனில் மூட்டை அடுக்க இடம் போதாமல், அரிசி ஆலைகளுக்குப் பக்கத்தில் கட்டியது. ஒரு மேடை, ஒரு களஞ்சியம், பயணச்சீட்டு ஜன்னல் வைத்த ஒரு அறை, முற்றத்தில் நெல்லை வண்டிலோடு நிறுக்கும் பெரிய தராசு. தராசின் பொறி ஒரு குழிக்குள் இருந்தது. வண்டில் ஏறி நிற்கும் இரும்புத் தகடு அந்தக் குழியை மூடியிருந்தது.

பிரேமிளாவின் தகப்பன் பழனியாண்டி, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பயந்து, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து மனைவி அழகம்மாவோடு ரயிலேறி வந்தவர். அவர்கள் இறங்கியது அந்த மேடையில். மூன்றாம் நாளே அங்கே மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் கழித்துப் பிரேமிளா பிறந்தாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மூண்டு வண்டி நின்றது. இனி வராது என்று ஒருவரும் அறிவிக்கவில்லை. பழனியாண்டி இரண்டு கிழமை வழக்கம்போல வேலைக்குப் போய், வராத வண்டிக்காக மேடையைக் கூட்டிவிட்டு வந்தார். பிறகு ஸ்டேசன் மாஸ்டரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். மெல்ல மெல்லத் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. தராசின் பொறியையும் கழற்றிப் போனார்கள். குழியும் தகடும் மிஞ்சின. அந்த வருட மழைக்கு அவர்கள் குடியிருந்த கொட்டில் ஒழுகவே, பழனியாண்டி குடும்பத்தை ஸ்டேசனுக்குள் கொண்டுவந்தார். மாஸ்டரின் அறை படுக்கை அறையானது. களஞ்சியத்தின் ஒரு மூலை குசினியானது. மார்கழியில் நிரஞ்சன் பிறந்ததும் அந்த அறைக்குள்தான்.

அது பொருளாதாரத் தடைக் காலம். அழகம்மா பயணச்சீட்டு ஜன்னலைத் திறந்துவைத்து மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் விற்றாள். எண்ணெய் வந்த நாட்களில் சனம் போத்தல்களோடு அந்த ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நிற்கும். வண்டி ஓடிய காலத்தில்கூட அந்த மேடை அவ்வளவு கூட்டத்தைக் கண்டதில்லை என்று பழனியாண்டி சொல்வார்.

தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து ஜெயபுரத்தில் சொந்தக்காரர் வளவில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது ஸ்டேசனுக்குக் கூரை இல்லை. தறப்பாள் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே இருந்தார்கள். சில வருடத்தில் அழகம்மா காய்ச்சலில் செத்துப்போனாள். பிரேமிளாவுக்குப் பேசிவந்த கலியாணம் ஒன்று தவறிப்போனது. தம்பியைப் பள்ளிக்கூடம் அனுப்புவதிலும் சமைப்பதிலும் நாட்கள் போயின. வேறொன்று பேச அவளும் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து எட்டு ஐப்பசியில் சண்டை நகரத்தை நெருங்கியது. தராசுக் குழிதான் அவர்களுடைய பங்கர். நெஞ்சளவு ஆழம். தகட்டை ஒரு பக்கம் இழுத்துவிட்டுச் சுற்றிவர மண்மூட்டை அடுக்கியிருந்தார்கள். பக்கத்து வளவுப் பிள்ளைகளும் சத்தம் கேட்டால் ஓடிவந்து அதற்குள் குதிப்பார்கள். ஒரு நாள் காலை பத்து மணியிருக்கும். தூரத்தில் எறிகணைச் செல் குத்தும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் ஓடினார்கள். நிரஞ்சன் முன்னால். குழிக்கு இன்னும் பதினைந்து அடி இருக்கும்போது, காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த ஒன்று அந்தக் குழிக்குள்ளேயே விழுந்தது. நிலம் அதிர்ந்தது. புழுதி எழுந்து மூடியது. நிலத்தோடு நிலமாகக் கிடந்தார்கள். அது வெடிக்கவில்லை.

பழனியாண்டிதான் ஊர்ந்துபோய் எட்டிப் பார்த்தார். முக்கால்வாசி மண்ணுக்குள் இறங்கி, பின்பக்கம் மட்டும் சரிந்து தெரிந்தது. அவர் கடைசிவரை மலைநாட்டுப் பேச்சைத்தான் பேசினார்.

"புள்ளைங்க ஓடியாந்து குதிச்சிருவாங்க. இப்பவே மூடிடணும்," என்றார்.

அன்று முழுக்க மூன்று பேரும் மண் சுமந்தார்கள். கொட்டவில்லை. கூடையைக் குழியோரத்தில் வைத்து, மெல்ல மெல்லச் சரித்தார்கள். ஒவ்வொரு கூடைக்கும் பிரேமிளா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழி நிரம்பியதும் தகட்டை நெம்பி இழுத்து மூடினார்கள். அடுத்த கிழமை கட்டக்கூடியதைக் கட்டிக்கொண்டு கிழக்கே வெளிக்கிட்டார்கள்.

தர்மபுரத்தில் வைத்து நிரஞ்சனை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. அவனுக்குப் பதினெட்டு நிறைந்திருக்கவில்லை. தை மாதக் கடைசியில், உடையார்கட்டில், பழனியாண்டி தண்ணீருக்குப் போன இடத்தில் செல்பட்டுச் செத்தார். பிரேமிளா அவரைத் தறப்பாளில் சுற்றி, முன்பின் தெரியாத இரண்டு பேரின் உதவியோடு ஒரு வாய்க்கால் கரையில் தாட்டாள். அங்கிருந்து முள்ளிவாய்க்கால் வரை தனியே போய், கடைசியில் செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தாள்.

ஊருக்குத் திரும்பியபோது கண்ணிவெடி அகற்றுபவர்கள் நெல்லு ஸ்டேசனுக்கும் வந்தார்கள். அந்த முற்றத்தில் எங்கே கருவியை வைத்தாலும் கத்தியது. எல்லாம் தண்டவாள ஆணியும் இரும்புத் துண்டுமாக இருந்தன. தகட்டருகிலும் கத்தியது. தகடுதானே என்று விட்டுவிட்டார்கள். பிரேமிளா வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வாய் வந்தது. ஆனால் நிரஞ்சன் அப்போது, இயக்கத்தில் இருந்தவர்களை அடைத்த புனர்வாழ்வு முகாமில் இருந்தான். எங்கே என்ன புதைத்தீர்கள் என்ற கேள்வியை அங்கே எல்லோரிடமும் கேட்கிறார்கள் என்று அவனைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். புதைத்தவள் நான் என்று அவள் போய்ச் சொன்னால், அவன் என்ன ஆவான்? அவன் வரட்டும், வந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள்.

அவன் வந்தான். அவனோடு விசாரணைகளும் வந்தன. மாதத்துக்கு ஒரு தடவை சிவில் உடுப்பில் யாராவது வந்து, எங்கே வேலை செய்கிறாய், யாரோடு பழகுகிறாய் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். ஏழு வருடத்துக்குப் பிறகுதான் அது மெல்ல நின்றது. அவன் கலியாணம் கட்டினான். ஒரு பெண் பிள்ளை. அரிசி ஆலையில் வேலை. பிரேமிளாவும் அவர்களோடுதான் இருந்தாள். நின்றுபோனதை மறுபடி கூப்பிட அவளுக்குத் துணிவில்லை.

இதற்கிடையில் ரயில் திரும்பி வந்தது. புதிய பாதையை நேராக்கி, இருநூறு மீற்றர் தள்ளிப் போட்டார்கள். நெல்லு ஸ்டேசன் ஒன்றுக்கும் உதவாமல் பற்றைக்குள் போனது. கடவைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பிரேமிளா ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தாள். அந்தக் கொட்டிலில் இருந்தால் முற்றம் தெரியும் என்பதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. பத்து வருடம் ரயிலைப் பார்த்ததை விட அந்தத் தகட்டைப் பார்த்ததுதான் அதிகம். ஆடு ஏறினால் கல்லெறிந்து கலைப்பாள். பெடியள் கிரிக்கெட் மட்டையோடு போனால் பாம்பு கிடக்கிறது என்று திருப்பி அனுப்புவாள். காய்ந்தால் புது முள் வெட்டிப் போடுவாள்.

இப்போது அங்கே கடைத்தொகுதி கட்டப்போகிறார்கள். வெள்ளிக்கிழமை இயந்திரம் வந்து கட்டடத்தை இடித்து அத்திவாரம் கிண்டும் என்று அளந்தவர்களில் ஒருவர் தேநீர்க் கடையில் சொல்லியிருந்தார்.

திங்கள் பின்னேரமே அவள் நிரஞ்சனிடம் சொன்னாள். அவன் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். வாளியை வைத்துவிட்டு, மனைவிக்குக் கேட்கிறதா என்று குசினிப் பக்கம் பார்த்தான்.

"அக்கா, நீ வாயைத் திறந்தா அவங்கள் முதல் கேக்கிறது உனக்கு எப்பிடித் தெரியும் எண்டுதான். ரெண்டாவது கேள்வி எனக்கு."

"ஆராவது செத்தா?"

"பதினேழு வருசம் மண்ணுக்குள்ள கிடந்தது. செத்துப்போயிருக்கும் அது."

"நீ அதில ஏறி நிப்பியோ?"

அவன் துவாயால் முகத்தைத் துடைத்தான். துடைத்த முகத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் வேலைத்தலத்து மேற்பார்வையாளரிடம் போய், தகட்டுக்குக் கீழே பழைய கிணறு இருக்கிறது, கிண்டினால் நிலம் உள்ளே இறங்கிவிடும் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் நல்ல மனிதர். சொன்னது நல்லது அம்மா, அப்படியென்றால் முதல் வேலையாக அதைத் தோண்டிப் பார்த்துக் கல் நிரப்பிவிடுகிறோம் என்றார். அவள் கடவைக்குத் திரும்பினாள். தான் சொன்ன பொய்யாலேயே அந்த இயந்திரம் நேரே தகட்டுக்கு வரப்போகிறது.

புதன்கிழமை கலிஸ்ராவிடம் போனாள். கலிஸ்ரா இரண்டு ஒழுங்கை தள்ளிக் குடியிருப்பவள். முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து வந்து, ஏழு வருடமாகக் கண்ணிவெடி அகற்றும் அணியில் வேலை செய்பவள். ஒரு இடத்தில் செல் கிடக்கிறதாம், என்ன செய்யவேண்டும் என்று பிரேமிளா கேட்டாள். கண்டதா, கேள்விப்பட்டதா என்று கலிஸ்ரா கேட்டாள். கேள்விப்பட்டது என்றாள் பிரேமிளா. கேள்விப்பட்டதென்றால் மெல்லத்தான் நடக்கும், திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்து படிவம் நிரப்பிக் கையெழுத்து வையுங்கோ என்றாள் கலிஸ்ரா. படிவத்தில் பெயர் கேட்பார்களா என்று கேட்டதும் கலிஸ்ரா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"கேப்பினம் அக்கா. சொன்ன ஆளின்ர பேர் இல்லாமல் நாங்கள் ஒரு இடத்தையும் கிண்டிறதில்லை."

திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வெள்ளி முற்பகல், கொழும்பிலிருந்து வரும் வண்டி அடுத்த கடவையைத் தாண்டிவிட்டது என்று கைபேசியில் தகவல் வந்தது. பிரேமிளா கம்பத்தை இறக்கினாள். அப்போதுதான் பிரதான வீதிப் பக்கமிருந்து மஞ்சள் நிறப் பெக்கோ இயந்திரம் ஒன்று, மண் வெட்டும் கையை மடக்கிக்கொண்டு ஆடி ஆடி வந்து கம்பத்துக்கு முன்னால் நின்றது. பெரிய வாகனங்கள் நெல்லு ஸ்டேசனுக்குப் போக அந்தக் கடவையை விட்டால் வேறு வழி கிடையாது. பின்னால் ஒரு தனியார் பஸ், இரண்டு உழவு இயந்திரங்கள், மோட்டார் சைக்கிள்கள்.

வண்டி வந்தது. பெட்டி பெட்டியாகக் கடந்தது. கடைசிப் பெட்டியும் போய், தண்டவாளத்தின் அதிர்வும் அடங்கியது.

அவள் கம்பத்தைத் தூக்கவில்லை.

கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். ஒருவன் ஹோன் அடித்தான். பிறகு எல்லோரும் அடித்தார்கள். பஸ்காரர் தலையை வெளியே நீட்டி என்ன நித்திரையா என்று கேட்டார். அவள் கயிற்றைக் கட்டையில் இறுகச் சுற்றிக் கட்டிவிட்டு, பெக்கோவின் பக்கம் போனாள். ஓட்டுநருக்கு முப்பது வயதிருக்கும். சட்டைப் பையில் டினோஜன் என்று பெயர் தைத்திருந்தது.

"தம்பி, எஞ்சினை நிப்பாட்டுங்கோ."

"வண்டி போட்டுதுதானே அக்கா?"

"போட்டுது. நான்தான் திறக்கேல்லை. அந்தத் தராசுத் தகட்டுக்குக் கீழ ஒரு செல் கிடக்குது."

டினோஜன் அவளையே பார்த்தான். "கண்டனீங்களோ?"

"கண்டனான். மண் போட்டு மூடினதும் நான்தான்."

அவன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் அடங்கியதும் பின்னாலிருந்த ஹோன் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. அவன் இறங்கி வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்று, ஸ்டேசன் முற்றத்தைப் பார்த்தான். தான் முள்ளிவாய்க்கால் ஆள் என்றும், அங்கே வலை இழுத்தாலே இந்தச் சாமான் வரும் என்றும் சொன்னான். தன்னிடம் முதலில் அந்த இடத்தைத்தான் கிண்டச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"உங்கட பேர் வேண்டாம் அக்கா. நான் கண்டதெண்டு சொல்லுறன்."

பிரேமிளாவுக்கு ஒரு கணம் நெஞ்சு இலேசானது. அந்த ஒரு கணத்தை அவள் பிறகு பலமுறை நினைத்து வெட்கப்பட்டாள்.

"தகட்டைக் கிளப்பாமல் எப்பிடிக் கண்டதெண்டு சொல்லுவீங்கள்?"

"ஒரு ஓரத்தைக் கிளப்பிப்போட்டு..."

"வேண்டாம்," என்றாள். "நீங்கள் இதை அங்கால கொண்டுபோகாமல் ஓரமா விடுங்கோ. அது போதும்."

அவன் இயந்திரத்தை வீதி ஓரம் ஒதுக்கினான். அவள் கம்பத்தைத் தூக்கினாள். ஏசிக்கொண்டே வாகனங்கள் கடந்து போயின. கொட்டிலுக்குள் போய்க் கலிஸ்ராவுக்கு அழைத்தாள்.

"கலிஸ்ரா, கேள்விப்பட்டதெண்டு நான் சொன்னது பொய். நானும் அப்பாவும் தம்பியும்தான் மூடினது. என்ர பேரை எழுது. முழுப் பேரையும் எழுது."

தம்பியையும் சொல்லிவிட்டோமே என்பது தொடர்பைத் துண்டித்த பிறகுதான் உறைத்தது.

பொலிஸ் வந்தது. சிவப்பு நாடா கட்டினார்கள். பக்கத்து வளவுச் சனத்தை அகற்றினார்கள். சனிக்கிழமை கண்ணிவெடி அணி வந்தது. தகட்டை இயந்திரத்தால் தொடாமல், ஓரமாக வேறொரு குழி இறக்கி, சிறு மண்வெட்டியாலும் கையாலுமாக இரண்டு நாள் தோண்டினார்கள். பிரேமிளா கடவையில் நின்று பார்த்தாள். ஒருவேளை அங்கே ஒன்றுமே இல்லாவிட்டால் என்ற புதுப் பயம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. இத்தனை வருடமாக ஒரு வெறுங்குழிக்கா முள் வெட்டிப் போட்டேன்?

ஞாயிறு பின்னேரம் கலிஸ்ரா தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு கடவைக்கு வந்து தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, சரிந்தபடி அப்படியே கிடந்தது, முன்பக்கத்தில் வெடிக்கவைக்கும் பொறி கெடாமல் இருக்கிறது என்றாள். மற்றவற்றை அவள் விளக்கவில்லை. பிரேமிளாவும் கேட்கவில்லை. அன்றே அதைக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே ஆளில்லாத தரவை வெளிக்குள் வெடிக்கவைத்தார்கள். சத்தம் கடவை வரை கேட்டது. கொட்டிலின் தகரம் அதிர்ந்தது.

நிரஞ்சன் அவளோடு கதைக்கவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டான், அவ்வளவுதான். எட்டாம் நாள் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். பிரேமிளாவிடம் ஒரு காலைப்பொழுது முழுக்கக் கேட்டார்கள். எந்த நாள், எத்தனை கூடை மண், வேறு எங்கே என்ன மூடினீர்கள். அடுத்த நாள் ஒன்பது மணிக்கு நிரஞ்சனைத் தங்கள் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவன் போன அந்த நாளை அவள் எப்படிக் கடத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. நான்கு வண்டிகளுக்குக் கம்பத்தை இறக்கி ஏற்றினாள். இடையில் ஒன்றுக்கு வண்டி வருவதற்குப் பத்து நிமிடம் முந்தியே இறக்கிவிட்டு, சனத்திடம் ஏச்சு வாங்கினாள். கைபேசியை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். அடுத்த காவலுக்கு மாற வந்த சுகந்தினி, வீட்டுக்குப் போங்கோ அக்கா என்று சொன்ன பிறகும் போகாமல் கொட்டிலிலேயே இருந்தாள். வீட்டில் அவனுடைய மனைவியின் முகத்தைப் பார்க்க அவளால் முடியாது.

ஐந்து மணிக்கு அவன் சைக்கிளில் கடவைக்கே வந்தான். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, கொட்டில் வாசலில் குந்தினான்.

"என்ன கேட்டவங்கள்?"

"எல்லாம் கேட்டவங்கள். பழசெல்லாம். அப்பாவைப் பற்றியும் கேட்டவங்கள்," என்றான். "மூடினதில மூண்டாவது ஆள் எங்கை எண்டு. செத்துப்போனார் எண்டன். எப்ப, எங்கை எண்டு கேட்டவங்கள். எனக்குத் தெரியேல்லை அக்கா. உடையார்கட்டு எண்டு மட்டும் சொன்னனான். நாள் தெரியேல்லை."

அவர் செத்தபோது அவன் இயக்கத்தில் எங்கோ பங்கருக்குள் இருந்தான். திரும்பி வந்த பிறகு அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மரணச் சான்றிதழும் எடுக்கவில்லை. ஒரு அலுவலகத்திலும் போய்ப் பேர் கொடுக்காமல் இருப்பதே நல்லது என்று இருவரும் இருந்துவிட்டார்கள்.

"தை இருபத்தெட்டு," என்றாள் பிரேமிளா. "மத்தியானம். தண்ணிக் கான் ரெண்டையும் எடுத்துக்கொண்டு போனவர்."

அவன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவள் வாய்க்கால் கரையைச் சொன்னாள். உதவிக்கு வந்த இரண்டு பேரைச் சொன்னாள். அவர்களில் ஒருவர் தன் சாரத்தைக் கழற்றி அப்பாவின் முகத்தை மூடியதைச் சொன்னாள். இடையில் வண்டி ஒன்று போனது. சுகந்தினி கம்பத்தை இறக்கி ஏற்றினாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் எழும்பவில்லை.

இப்போது நெல்லு ஸ்டேசன் இல்லை. டினோஜன்தான் அதை இடித்தான். கடைத்தொகுதிக்குத் தூண்கள் எழும்பிவிட்டன. கம்பத்தைத் திறக்காமல் விட்டதற்காகப் பிரேமிளாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. போன கிழமை, நிரஞ்சனை விசாரித்த அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதமும் வந்தது. வருகிற பதினாறாம் திகதி அக்கா, தம்பி இருவரும் சேர்ந்து வரவேண்டும் என்று அதில் இருக்கிறது. எதற்கென்று எழுதவில்லை. அன்றைய வேலையைச் சுகந்தினியோடு மாற்றிக்கொண்டாள். நிரஞ்சனும் ஆலையில் லீவு சொல்லிவிட்டான். அங்கே போய்விட்டு, நேரமிருந்தால் மாவட்டக் கச்சேரிக்கும் போய் மரணப் பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டுவருவோம் என்கிறான். நேரமிருக்குமா, அன்று பின்னேரம் இருவரும் சேர்ந்துதான் வீடு திரும்புவார்களா என்று அவளுக்குத் தெரியாது. அவர்கள் கேட்பதற்குச் சொல்லவேண்டிய பதில்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். முதல் வரியில் அப்பாவின் பெயரும் அவர் செத்த திகதியும் இருக்கின்றன.